முதல் வால்வு ஆம்ப்ளிஃபையர்: காசை எங்க போடணும், கையை எங்க வைக்கக் கூடாது

1/
"டாக்டர், பட்ஜெட் 40 ஆயிரம். வீட்ல பாட்டு கேக்க முதல் ட்யூப் ஆம்ப்ளிஃபையர் எது வாங்கலாம்?" போன வாரம் ஒரு தம்பி உள்பெட்டியில கேட்டிருந்தார். டெங்கு, சர்க்கரை, நாய்க்கடின்னு எழுதுறவன்கிட்ட இந்தக் கேள்வியான்னு சிலர் சிரிக்கலாம். ஆனா இதுல காது இருக்கு, கரண்ட் இருக்கு, காசும் இருக்கு. மூணுமே நான் தினம் ஓபியில பாக்குற சமாச்சாரம்தான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
சுத்தி வளைக்காம என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். உங்க காசுல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்குப் போகணும். மீதியில நிஜமான ஒரு சின்ன வால்வு செட் வந்தா வாங்குங்க. வரலைன்னா சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரே போதும், ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டீங்க. பழைய வால்வு ரேடியோவை வாங்கி நேரா பிளக்ல சொருகாதீங்க. எதையும் திறந்து கை வைக்காதீங்க. இதுக்கெல்லாம் காரணம் கீழே.

3/
நான் வெறும் எம்.பி.பி.எஸ். எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் இல்லை. சின்ன வயசுல எங்க பக்கத்துல மைக் செட் வச்சிருந்த ஒரு அண்ணன்கிட்ட உக்காந்து வேடிக்கை பாத்துப் பழகுனதுதான் அடிப்படை. மிச்சம் படிச்சதும், காசு விட்டுக் கத்துக்கிட்டதும். அந்த அண்ணன் இந்த இழையில மறுபடியும் வருவார்.

4/
வால்வுன்னா என்ன? காத்தை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு தகடு சூடாகி எலக்ட்ரானைக் கக்கும். எதிர்ல இருக்குற தகடு அதை இழுக்கும். நடுவுல ஒரு கம்பி வலை. வாய்க்கால்ல மடைப் பலகையைக் கொஞ்சம் தூக்கினா தண்ணி நிறைய, இறக்கினா குறைச்சல். அந்த வலை செய்யறது அதேதான். சின்ன சிக்னல் பலகையை ஆட்டுது, பெரிய கரண்ட் அதே மாதிரி ஆடுது. பெருக்கம்னா அம்புட்டுதான்.

5/
1904-ல ஃபிளெமிங் ரெண்டு முனை வால்வு செஞ்சார். 1906-ல லீ டி ஃபாரஸ்ட் நடுவுல மூணாவது முனையைச் சேர்த்தார். 1947-ல டிரான்சிஸ்டர் வந்துச்சு. நம்ம நாட்டுல பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல ரேடியோ வால்வு தயாரிக்க ஆரம்பிச்சது. பழைய ரேடியோவைத் திறந்தா 'பிஇஎல்'னு போட்ட கண்ணாடிக் குப்பி இருக்கும், பாத்திருப்பீங்க. அப்போ அது மக்கள் பொருள். இப்போ ஆடம்பரப் பொருள். வித்தியாசமே அதுதான்.

6/
எங்கூரு அலங்காநல்லூர். உலகத்துக்கு ஜல்லிக்கட்டால தெரிஞ்ச ஊர். தை பிறந்தா அவனியாபுரம், பாலமேடு, மூணாம் நாள் நாங்க. திருவிழான்னா வேப்பமரத்துல குழாய் கட்டுவாங்க. அந்தக் கூம்புக் குழாய்ல போடுற பாட்டு வயக்காடு தாண்டி அடுத்த ஊருக்குக் கேக்கும். பின்னாடி இருந்த பழைய வால்வு பெட்டி எத்தனை வாட்னு நெனைக்கிறீங்க? இன்னிக்கு ஆன்லைன்ல '1000 வாட்'னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிற பெட்டியோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை.

7/
பின்னே எப்படி அம்புட்டு தூரம் கேட்டுச்சு? சூட்சுமம் குழாய்ல. கூம்பு வடிவம் கிடைக்கிற கரண்டை வீணாக்காம சத்தமா மாத்தும். இதுக்கு ஸ்பீக்கரோட 'சென்சிடிவிட்டி'ன்னு பேர். 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல் வருதுன்னு அளப்பாங்க. வால்வு வாங்க நினைக்கிற எல்லாரும் முதல்ல பாக்க வேண்டிய நம்பர் இது. ஆம்ப்ளிஃபையர் நம்பர் அப்புறம்.

8/
கணக்கு சுலபம். வாட்டை ரெண்டு மடங்கு ஆக்குனா சத்தம் வெறும் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கு ஆக்குனா 10 டெசிபல். அதாவது 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் குடுத்து வாங்குற சத்தத்தை, 95 டெசிபல் ஸ்பீக்கர் 1 வாட்லயே குடுத்துரும். வால்வு செட்ல வாட்டுதான் விலை. 5 வாட் செட்டுல இருந்து 50 வாட் செட்டுக்குப் போனா விலை எகிறும், எடை எகிறும், சூடு எகிறும். அதுக்குப் பதிலா நல்ல சென்சிடிவிட்டி ஸ்பீக்கர் வாங்குனா வேலை முடிஞ்சது.

9/
"5 வாட் பத்துமா டாக்டர்?" பத்தும். 10-க்கு 12 அடி ரூம்ல, 90 டெசிபலுக்கு மேல உள்ள ஸ்பீக்கர்ல, நிம்மதியா பாட்டு கேக்க பெரும்பாலும் 1 வாட் கூட செலவாகாது. தவில் விழும்போதும் கோரஸ் ஏறும்போதும் வர்ற உச்சத்துக்குத்தான் மீதி. ஆனா உங்ககிட்ட இருக்குறது 84, 85 டெசிபல் புத்தக அலமாரி ஸ்பீக்கர்னா 5 வாட் திணறும். குறை வால்வு மேல இல்லை, ஜோடி சேர்த்ததுல.

10/
இப்போ அந்த மைக் செட் அண்ணன். ரெண்டு வருசம் முன்னாடி ஓபிக்கு வந்தார். "தம்பி, கேக்குது. ஆனா என்ன சொல்றாங்கன்னு புரிய மாட்டேங்குது." காதுப் பரிசோதனைக்கு அனுப்புனேன். நான் பயந்த மாதிரியே மேல் ஸ்தாயி ரெண்டு காதுலயும் விழுந்திருச்சு. ச, த, ப, க மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுறது அந்த ஸ்தாயிதான். அதனாலதான் 'கேக்குது, புரியல'. முப்பது வருசம் ஊருக்கே பாட்டுப் போட்ட மனுசனுக்கு இப்போ பேத்தி பேசுற மழலை பிடிபடலை.

11/
காதுக்குள்ள இருக்குற நுண்ணிய மயிர் செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. எந்த மாத்திரையும் கிடையாது. வேலையிடங்களுக்கு உலக அளவுல சொல்ற ஒரு கணக்கு: 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் கூடுனா நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. 100 டெசிபல்னா 15 நிமிசம். இதனாலதான் 'எத்தனை வாட்'னு கேக்குறவங்களைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. வீட்ல 70, 75 டெசிபல்ல பாட்டு ரொம்ப அழகா இருக்கும். கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசுற அளவுதான் அது.

12/
சரி, வால்வோட 'வெதுவெதுப்பான சத்தம்' நிஜமா? நிஜம்தான், ஆனா மந்திரம் இல்லை. சின்ன வால்வு செட்டு பாட்டோட தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துக் குடுக்கும். முக்கியமா மூல சுருதியோட ரெண்டு மடங்கு அதிர்வு, அதாவது மேல் சட்ஜம் மாதிரி. அது காதுக்கு இனிமையா கலந்துரும். இன்னொண்ணு, ஸ்பீக்கர் மேல அதோட பிடி கொஞ்சம் தளர்வு. அதனால ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் ஒவ்வொரு மாதிரி கேக்கும். பொறியியல் மொழியில ரெண்டுமே குறை. நாக்குக்குப் பிடிச்ச குறை. சாம்பார்ல துளி வெல்லம் போடுற மாதிரி.

13/
"பழைய பாட்டு கேக்க வால்வுதான் சரி"ன்னு ஒரு வாதம் உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். 1950-கள்ல வந்த பாட்டெல்லாம் ஸ்டுடியோவுலயே வால்வு கருவிகள் வழியாத்தான் பதிவாச்சு, அப்போ வேற கிடையாது. அந்த வெல்லம் ஏற்கெனவே பாட்டுக்குள்ள இருக்கு. நீங்க வீட்ல மறுபடியும் போடணும்னு கட்டாயம் இல்லை. நேர்மையான ஆம்ப்ளிஃபையர் உள்ளே இருக்குறதை அப்படியே குடுக்கும், அதுவே போதும்.

14/
என் கதையையும் சொல்லணும். நான் ஒரு சின்ன வால்வு செட் வச்சிருக்கேன். ஒரு நாள் வீட்ல அவங்ககிட்ட, "நான் திரும்பி உக்காந்துக்கறேன், நீ இதையும் டிரான்சிஸ்டர் செட்டையும் மாத்தி மாத்திப் போடு, சத்தம் ஒரே அளவா வச்சுக்க"ன்னு சொன்னேன். பத்து தடவை. ஆறு சரியா சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு, "காசைச் சுண்டிப் பாத்தாலும் ஆறு வரும்"னாங்க. பதில் சொல்ல முடியலை. சத்தம் ஒரே அளவா இருக்கணும்கிறது முக்கியம். ஒரு டெசிபல் கூட இருந்தாலே 'இதுதான் நல்லாருக்கு'ன்னு காது ஏமாந்துரும்.

15/
அப்புறம் ஏன் வச்சிருக்கேன்? நைட் டூட்டி முடிச்சு வந்து சுவிட்சைப் போட்டா அரை நிமிசம் காத்திருக்கணும். மெல்லச் சிவக்கும். அந்த அரை நிமிசத்துல வார்டு என் தலையை விட்டு இறங்கும். அதுக்குத்தான். இது மருத்துவமும் இல்லை, அறிவியலும் இல்லை, ஆசை. ஆசைக்குக் காசு செலவு பண்றது தப்பே இல்லை. ஆசையை 'தரம்'னு நெனச்சுக் கடன் வாங்குறதுதான் தப்பு. மாசத் தவணையில வால்வு செட் வாங்காதீங்க.

16/
இப்போ கடைக்குப் போவோம். மலிவா 'ட்யூப் ஆம்ப்ளிஃபையர்'னு வர்றதுல பாதி, முன்னாடி ரெண்டு குட்டி வால்வு, உள்ளே வேலை செய்யறது ஒரு சிப். இதுக்கு ஹைப்ரிட்னு பேர். அது ஏமாத்து இல்லை, ஹைப்ரிட்னு சொல்லி வித்தா. சிலது நல்லாவே பாடும், பட்ஜெட் குறைவா இருந்தா அதுவே நல்ல தேர்வு. ஆனா சில பெட்டியில வால்வுக்கு அடியில ஆரஞ்சு எல்இடி வச்சு சிவக்கிற மாதிரி காட்டுவாங்க. வால்வோட நிஜ வெளிச்சம் குப்பி நடுவுல இருந்து வரும், மங்கலா இருக்கும். அடியில இருந்து பளிச்னு வந்தா அது விளக்கு.

17/
கண்டுபிடிக்க எங்க மைக் செட் அண்ணன் சொல்லிக் குடுத்த வழி: தூக்கிப் பாரு. முழு வால்வு செட்டுக்கு பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு, ஸ்பீக்கருக்குப் போற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு, ஆக மூணு இரும்புக் கட்டி வேணும். சத்தத்தோட தரமும் விலையும் அந்த இரும்புலதான் இருக்கு. '50 வாட் ட்யூப்'னு சொல்லிட்டு ஒரு கையால டிபன் பாக்ஸ் மாதிரி தூக்க முடிஞ்சா, உள்ளே சிப்தான்.

18/
முதல் செட்டுக்கு என் சிபாரிசு: இஎல்84 வால்வு போட்ட சின்ன செட். ஒரு பக்கத்துக்கு ஒரு வால்வுன்னா சுமார் 5 வாட், ஜோடியா போட்ட 'புஷ் புல்' வகைன்னா 10 வாட்டுக்கு மேல. 1950-கள்ல இங்கிலாந்தோட முல்லார்ட் கம்பெனி வெளியிட்ட புகழ்பெற்ற 5 வால்வு 10 வாட் வரைபடமும் இதே இஎல்84 ஜோடிதான். அவ்வளவு பழகுன வால்வு, இன்னிக்கும் புதுசா தயாராகுது. முன் வரிசைக்கு இசிசி83 அல்லது இசிசி82. இந்த மூணும் கிடைக்காத நாள் வர ரொம்பக் காலம் ஆகும்.

19/
வாங்கும்போது கேக்க வேண்டியது:
'செல்ஃப் பயாஸ்' வகையா? அப்படின்னா வால்வு மாத்தும்போது உள்ளே திறந்து திருக வேண்டியது இல்லை.
வால்வு மேல இரும்பு வலைக் கூண்டு உண்டா?
4 ஓம், 8 ஓம் ரெண்டுக்கும் தனி முனை உண்டா?
சர்க்யூட் வரைபடம் தருவாங்களா?
ரிப்பேர்னா யார் பாப்பாங்க, எந்த ஊர்ல?
கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லைன்னா எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்ருங்க. 12 கிலோ பெட்டியை வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்புற செலவு உங்களை அழ வச்சுரும். வரும்போதே கப்பல் கூலி, சுங்க வரி தனி.

20/
நம்ம ஊர் கரண்ட் பத்தி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு செட்டு பலதும் 220 வோல்ட்டுக்குச் செஞ்சது. நமக்கு 230-ன்னு பேரு, கிராமப்புறத்துல நடு ராத்திரி 250-ம் பாத்திருக்கேன். 6.3 வோல்ட் வர வேண்டிய ஹீட்டருக்கு அப்போ 7.1 வோல்ட்டுக்கு மேல போகும். அனுமதி பொதுவா 10 சதவீதம், இது 13-ஐத் தாண்டுது. வால்வு ஆயுசு சுருங்கும். 230 அல்லது 240 முனை உள்ள செட்டா பாத்து வாங்குங்க, இல்லைன்னா நல்ல ஸ்டெபிலைசர். அமெரிக்காவுல இருந்து மச்சான் கொண்டு வந்த 115 வோல்ட் செட்டை நேரா சொருகினா கதை அன்னிக்கே முடிஞ்சது.

21/
சூடும் கணக்குல வரணும். ஒரு இஎல்84 சும்மா இருந்தாலும் 17, 18 வாட் சூடு கக்கும். மொத்த செட்டும் 60, 70 வாட் இழுத்து 10 வாட் பாட்டு தரும். தினம் 3 மணி நேரம் போட்டா மாசம் 6 யூனிட் சொச்சம், கரண்ட் பில் பெருசா ஏறாது. ஆனா சித்திரை வெயில்ல, மின்விசிறி மட்டும் ஓடுற ரூம்ல, ஷோகேஸ் கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சா செட்டும் நீங்களும் சேர்ந்து வேகணும். மேலயும் பக்கத்துலயும் ஒரு சாண் இடம் விடுங்க. குழந்தை இருக்குற வீட்ல கூண்டு இல்லாம வைக்கவே கூடாது. குப்பி தொட்டா தோல் உரிஞ்சுரும்.

22/
இப்போ முக்கியமான பகுதி. ஒரு ராத்திரி 20 வயசு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. விரல் நுனியில சின்னதா வெள்ளைக் காயம். மார்புல படபடப்பு, முகம் வெளிறி இருந்துச்சு. இணையத்துல வாங்குன பழைய வால்வு செட்டை வீடியோ பாத்து ரிப்பேர் பண்ணிருக்கான். அவன் சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கு: "சார், பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கை வச்சேன்."

23/
பொய் சொல்லலை. பிளக்கைப் பிடுங்குன பிறகும் உள்ளே இருக்குற கெப்பாசிட்டர் 300, 400 வோல்ட் டிசியைப் பிடிச்சு வச்சிருக்கும். வடிச்சு விட ரெசிஸ்டர் இல்லைன்னாலோ, அது எரிஞ்சிருந்தாலோ ரொம்ப நேரம் நிக்கும். அவன் பிழைச்சான், இசிஜி பாத்து ராத்திரி முழுக்க வச்சிருந்து அனுப்புனோம். செட்டு ஓடிட்டு இருக்கும்போது தொட்டிருந்தா கதை வேற. 400 வோல்ட், வேர்த்த உடம்போட தடை 2000 ஓம்னு வச்சாலும் 200 மில்லி ஆம்பியர். அது ஒரு கையில நுழைஞ்சு இன்னொரு கையில வெளியேறினா நடுவுல இருக்குறது இதயம்.

24/
"எங்க வீட்ல ஷாக் அடிச்சா தானா ட்ரிப் ஆகுற ஆர்சிசிபி இருக்கு டாக்டர்." ரொம்ப நல்லது, எல்லா வீட்லயும் இருக்கணும். ஆனா வால்வு செட் உள்ளே அடிக்கிற ஷாக்குக்கு அது ட்ரிப் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் தனிச் சுற்று. கரண்ட் உங்க உடம்பு வழியா போய் அதே டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பிரும், மெயின் போர்டுல கசிவே தெரியாது. இதை மட்டும் நாலு பேர்கிட்ட சொல்லுங்க, இந்த இழை எழுதுன பலன் கிடைச்சுரும்.

25/
தாத்தா காலத்து வால்வு ரேடியோ இன்னும் மோசம். சிலது 'ஏசி/டிசி' வகை, பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. உள் இரும்புச் சட்டம் நேரா மெயின் லைன்ல இருக்கும். ரெண்டு முள் பிளக்கைத் திருப்பிப் போட்டா சட்டமே ஃபேஸ். குமிழ் உடைஞ்ச இடத்துல தெரியுற ஆணியைத் தொட்டாலே போதும். அலமாரியில அழகுக்கு வைங்க, சந்தோசமா வைங்க. ஓட வைக்கணும்னா தெரிஞ்ச மெக்கானிக் கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தி, சோதிச்சுக் குடுத்த பிறகு மட்டும்.

26/
புது செட்டுக்கும் மூணு விதி:
மூணு முள் பிளக், அந்த மூணாவது ஓட்டைக்கு நிஜமாவே எர்த் ஒயர் வந்திருக்கணும். பல வீட்ல அது வெறும் ஓட்டை. எலக்ட்ரீசியனை வச்சுப் பாத்துருங்க.
ஸ்பீக்கர் ஒயர் மாட்டாம வால்வு செட்டை ஓட விடாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிரும்.
கூண்டைக் கழட்டாதீங்க, அடிமூடியைத் திறக்காதீங்க.

27/
யாருக்காவது ஷாக் அடிச்சா: ஆளைத் தொடாதீங்க, முதல்ல மெயினை அணைங்க. முடியலைன்னா காய்ஞ்ச கட்டையால தள்ளுங்க. மூச்சு இல்லைன்னா 108-க்குச் சொல்லிட்டு நெஞ்சு நடுவுல நிமிசத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 செ.மீ. ஆழம் அமுக்குங்க, வண்டி வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. எழுந்து உக்காந்து "ஒண்ணும் இல்லை"ன்னு சொன்னாலும், ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து இசிஜி பாருங்க. அரசு ஆஸ்பத்திரியில காசு கேக்க மாட்டோம்.

28/
கடைசியா அந்தத் தம்பிக்கு என் கணக்கு. 40 ஆயிரத்துல 22, 23 ஆயிரம் ஸ்பீக்கர், 90 டெசிபல் பக்கம் வர்றதா பாருங்க. 8, 10 ஆயிரத்துல நல்ல சிப் அல்லது ஹைப்ரிட் ஆம்ப்ளிஃபையர். மீதியை எடுத்து வைங்க. ஒரு வருசம் பாட்டு கேளுங்க. அதுக்கப்புறமும் வால்வு ஆசை விடலைன்னா, கையில சேர்ந்த காசுக்கு முழு இஎல்84 செட் வாங்குங்க. ஸ்பீக்கர் அப்போ தயாரா இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி மதுரையிலயோ சென்னையிலயோ யார் வீட்லயாவது உக்காந்து கேட்டுப் பாருங்க. வால்வு வச்சிருக்குறவன் கேக்க வர்றவனுக்குக் காபி குடுக்காம அனுப்ப மாட்டான்.

29/
போன தைக்கு மைக் செட் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் காதுல இப்போ கருவி. என் செட்டைப் போட்டேன். குப்பி சிவக்கிறதைக் குனிஞ்சு பாத்துட்டு, "சத்தம் சரியா விழல தம்பி, ஆனா வால்வு நல்லா எரியுது"ன்னார். நல்ல ஆம்ப்ளிஃபையர் எதுன்னு இனி யார் கேட்டாலும் எனக்கு அவர்தான் ஞாபகம் வருவார். காதைக் காப்பாத்திக்கங்க. அது இருந்தா 2 ஆயிரம் ரூபா ரேடியோவும் இனிக்கும்.

இழை முடிஞ்சது. பயன்பட்டா பகிருங்க, கேள்வி இருந்தா கீழே கேளுங்க. டூட்டி முடிஞ்சு வந்து பதில் போடறேன். 🙏